'லெட் ஆஃப் ஸ்டீம்' என்று எப்போது சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மன அழுத்தம் சம்பந்தப்பட்ட ஆங்கிலத் தொடர்களில், வகுப்பில் அதிகம் சந்தேகம் கிளப்புவது 'லெட் ஆஃப் ஸ்டீம்' (let off steam) என்பதுதான். பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த மாணவி ஒருவருக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. "சாரி அபௌட் யெஸ்டர்டே, ஐ வாஸ் ஜஸ்ட் லெட்டிங் ஆஃப் ஸ்டீம்" என்று அதில் இருந்தது. நிறுவனத்துக்குச் சொந்தமாகச் சாயப்பட்டறை உண்டு, அங்கே பாய்லர் உண்டு. ஸ்டீம் என்ற சொல்லைப் பார்த்ததும் அவர் பட்டறைக்குப் போன் போட்டு, பாய்லரில் ஏதாவது கோளாறா என்று விசாரித்திருக்கிறார். மெயில் எழுதியவர் கேட்டிருந்தது மன்னிப்பு: நேற்று போனில் என் எரிச்சலையெல்லாம் உங்களிடம் கொட்டிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் பொருள். அந்த மன்னிப்புக்கு இரண்டு நாள் பதில் போகவில்லை. அது எனக்கு இன்னமும் வருத்தம்தான். அதனால் வகுப்பில் வந்த கேள்விகளையும் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒரு வரியில் சொன்னால், இதற்கு என்ன அர்த்தம்?

உள்ளே அடைபட்டுக் கிடக்கும் கோபத்தையோ எரிச்சலையோ பதற்றத்தையோ, அளவு மீறித் துள்ளும் தெம்பையோ, பெரிய சேதம் இல்லாத ஒரு வழியில் வெளியே விடுவது. 'பெரிய சேதம் இல்லாத' என்பது முக்கியம். ஒருவர் கோபத்தில் சக ஊழியரை அடித்துவிட்டால் அதை லெட் ஆஃப் ஸ்டீம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். காரில் கதவை ஏற்றிவிட்டுத் தனியாகக் கத்தினார், மைதானத்தில் ஒரு மணி நேரம் பந்து உதைத்தார், தோழியிடம் மேனேஜரைப் பற்றிப் புலம்பினார் என்றால் சொல்லலாம்.

'லெட் ஆஃப்' சரியா, 'ப்ளோ ஆஃப்' சரியா?

இரண்டும் சரி. பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் 'லெட் ஆஃப் ஸ்டீம்' என்பார்கள், அமெரிக்கர்கள் 'ப்ளோ ஆஃப் ஸ்டீம்' என்பார்கள். பொருளில் வித்தியாசம் இல்லை. யாரோடு பேசுகிறீர்களோ அவர்கள் சொல்வதைப் பின்பற்றுங்கள்.

நீராவிக்கும் மன அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தத் தொடர் பாய்லரிலிருந்து வந்தது. மூடிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தால் ஆவிக்குப் போக இடம் இல்லை, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு எல்லையைத் தாண்டினால் பாத்திரமே வெடிக்கும். அதற்கு முன்பே கொஞ்சம் ஆவியைத் தானாக வெளியே விடுகிற திறப்புதான் சேஃப்டி வால்வு.

அதன் கதை ரயிலுக்கு முந்தையது. டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் ஒரு கருவியைக் காட்டினார். இறுக மூடிய கலத்தில் நீராவி அழுத்தத்தில் எலும்பைக்கூட மெத்தென்று வேகவைக்கும் கருவி அது. 1682-இல் அந்தச் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதிலேயே சமைத்து விருந்தும் வைத்தார். நம் வீட்டுக் குக்கரின் கொள்ளுப்பாட்டன் அதுதான். அதில் பாப்பன் வைத்த வால்வு ரொம்ப எளிமையானது: துளையின் மேல் ஒரு மூடி, அதை அழுத்திப் பிடிக்க எடை தொங்கும் ஒரு நெம்புகோல். ஆவியின் பலம் எடையின் பலத்தைத் தாண்டினால் மூடி தூக்கிக்கொள்ளும். குக்கரின் தலையில் நாம் மாட்டுவதை இன்றைக்கும் 'வெயிட்' என்றுதானே சொல்கிறோம்.

பிறகு உயர் அழுத்த நீராவி எந்திரங்களின் காலம் வந்தது. அதில் முன்னோடி இங்கிலாந்தின் ரிச்சர்ட் ட்ரெவிதிக். அவருடைய எந்திரம் ஒன்றின் பாய்லர் 1803-இல் கிரீனிச்சில் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அவர் பாய்லருக்கு இரண்டு சேஃப்டி வால்வு வைக்கச் சொன்னார். அளவுக்கு மேல் சூடானால் உருகி வழிவிடும் ஈய அடைப்பு ஒன்றையும் சேர்த்தார்.

வகுப்பில் நான் தவறாமல் சொல்லும் கதை அமெரிக்காவில் நடந்தது. தென் கரோலினாவில் 'பெஸ்ட் ஃப்ரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்' என்ற ரயில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. 1831 ஜூன் 17 அன்று அதன் பாய்லர் வெடித்தது. வால்விலிருந்து ஆவி சீறும் சத்தம் காதைத் துளைத்ததால், அதைத் தாங்க முடியாமல் தீ போடும் தொழிலாளி வால்வைத் திறக்கவிடாமல் கட்டிவிட்டார் என்று சொல்லப்படுகிறது. அவர் அந்தக் காயத்தில் இறந்துபோனார். அமெரிக்காவில் ரயில் இன்ஜின் பாய்லர் வெடித்த முதல் சம்பவம் அது. அழும் பிள்ளையைப் பார்த்து 'வாயை மூடு' என்று அதட்டுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த வால்வு நினைவுக்கு வரும்.

ரயில் நிலையங்களில் நாள்தோறும் கேட்ட அந்தச் சீறல்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனித மனத்துக்கு உவமையாக ஏறியது. அந்தச் சத்தத்தை இன்றும் கேட்க ஆசை இருந்தால் நீலகிரி மலை ரயிலில் போய் வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி இன்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி இன்ஜின் பக்கம் போய் நின்றேன். சும்மா நிற்கிற இரும்பு மாடு மாதிரி இருந்தது. திடீரென்று மேலிருந்து வெள்ளையாக ஆவி சீறிக்கொண்டு கிளம்பியது, பக்கத்தில் நின்றவர்கள் பேசிய ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் பட்டென்று நின்றுபோய்விட்டது. 'லெட் ஆஃப் ஸ்டீம்' என்றால் என்ன என்று எனக்கு முழுதாக உறைத்தது அன்றைக்குத்தான்.

கோபத்துக்கு மட்டும்தான் சொல்வார்களா?

இல்லை. இது பலருக்குத் தெரியாத பாதி. பள்ளியில் இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவார்களே, அதையும் 'த கிட்ஸ் ஆர் லெட்டிங் ஆஃப் ஸ்டீம்' என்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு யார்மீதும் கோபம் இல்லை. மூன்று மணி நேரம் பெஞ்சில் கட்டிப்போட்ட தெம்பு வெளியே வருகிறது, அவ்வளவுதான். பரீட்சை முடிந்த இரவு மாணவர்கள் ஆட்டம் போடுவதும், நீண்ட புராஜெக்ட் முடிந்ததும் டீம் முழுக்கக் கிரிக்கெட் ஆடப்போவதும் இதே கணக்கு. ஆகவே ஒரு வெளிநாட்டுச் சக ஊழியர் வெள்ளிக்கிழமை மாலை 'லெட்ஸ் கோ லெட் ஆஃப் சம் ஸ்டீம்' என்று கூப்பிட்டால், அவர் யார்மீதோ கடுப்பில் இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். வாரம் முழுக்க உழைத்தோம், கொஞ்சம் ஜாலியாக இருக்கலாம் வாங்க என்கிறார்.

வாக்கியத்தில் எப்படி அமைப்பது?

மூன்று வாக்கியங்கள் போதும், மீதி தானாக வரும்.

"ஐ வென்ட் ஃபார் எ ஸ்விம் டு லெட் ஆஃப் ஸ்டீம்." மனசு லேசாகட்டும் என்று நீச்சலுக்குப் போனேன்.

"டோன்ட் மைண்ட் ஹிம், ஹீ இஸ் ஜஸ்ட் லெட்டிங் ஆஃப் ஸ்டீம்." அவர் பேசுவதைப் பெரிசாக எடுத்துக்காதீங்க, ஏதோ ஆதங்கத்தில் கொட்டுகிறார்.

"ஷீ நீடட் டு ப்ளோ ஆஃப் சம் ஸ்டீம் ஆஃப்டர் த மீட்டிங்." மீட்டிங் முடிந்ததும் யாரிடமாவது புலம்பினால்தான் ஆகும் என்ற நிலையில் இருந்தாள்.

'சம் ஸ்டீம்', 'எ பிட் ஆஃப் ஸ்டீம்', 'எ லிட்டில் ஸ்டீம்' எல்லாம் சொல்லலாம். 'மை ஸ்டீம்' என்றோ 'த ஸ்டீம்' என்றோ சொல்லக்கூடாது. தமிழில் 'என் கோபத்தை' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு 'மை' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், அதை மட்டும் கவனியுங்கள். 'ஸ்டீம்ஸ்' என்ற பன்மையும் கிடையாது. இறந்தகாலத்தில் 'லெட்' மாறாது. 'ப்ளோ' மட்டும் 'ப்ளூ' என்று மாறும்: 'ஹீ ப்ளூ ஆஃப் ஸ்டீம்'.

'ஸ்டீம்' என்ற சொல்லை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

பொருள் அடியோடு மாறிவிடும். 'ஹீ ப்ளூ மீ ஆஃப்' என்றால் அமெரிக்கப் பேச்சில், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் என்னைக் கழற்றிவிட்டான் என்று அர்த்தம். 'தே லெட் ஹிம் ஆஃப்' என்றால் தண்டிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

நீராவியை வைத்து வேறு என்னென்ன தொடர்கள் இருக்கின்றன?

நிறைய. 'ரன் அவுட் ஆஃப் ஸ்டீம்' என்றால் ஆரம்பத்து வேகம் குறைந்து, தெம்பு தீர்ந்து நின்றுபோவது. 'ஃபுல் ஸ்டீம் அஹெட்' என்றால் முழு வேகத்தில் முன்னேறுவது. ஒரு இயக்கமோ பிரசாரமோ சூடுபிடித்தால் 'பிக் அப் ஸ்டீம்'. யார் உதவியும் இல்லாமல் தன் பலத்திலேயே செய்தால் 'அண்டர் யுவர் ஓன் ஸ்டீம்'. இவற்றில் எல்லாம் ஸ்டீம் என்பது ஓட்டுகிற சக்தி, நல்ல விஷயம். 'கெட் ஸ்டீம்டு அப்' என்று சொன்னால் மட்டும் கொதித்துப்போவது. ஒரே ஆவிதான். சக்கரத்தைச் சுற்றினால் வேகம், அடைபட்டால் ஆபத்து.

'வென்ட்' (vent) என்பதும் இதுவும் ஒன்றா?

நெருங்கிய சொந்தம். 'வென்ட்' பெரும்பாலும் வாயால் கொட்டுவது. 'ஐ நீட் டு வென்ட்' என்று ஒருவர் சொன்னால் அவர் பேசப்போகிறார், நாம் கேட்கவேண்டும். லெட் ஆஃப் ஸ்டீம் என்பதில் ஓட்டம், ஆட்டம், பாட்டு, பந்து எல்லாம் அடங்கும். குழந்தைகள் மைதானத்தில் ஓடுவதை வென்ட் என்று சொல்ல முடியாது.

அலுவலக மெயிலில் எழுதலாமா?

பழக்கமான சக ஊழியருக்கு எழுதலாம். மேலதிகாரிக்கோ வாடிக்கையாளருக்கோ எழுதும்போது யோசிக்க வேண்டும், ஏனென்றால் இது பேச்சு வழக்கு.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்தத் தொடரை உங்களைப் பற்றிச் சொன்னால் அது பணிவு: நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். அடுத்தவரைப் பற்றி, அதுவும் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னால் அவர் சொன்ன விஷயத்தையே தள்ளிவிடுவதாக ஆகிவிடும். ஒரு பெண் ஊழியர், "எனக்கு மட்டும் மூன்று மாதமாக இரவு ஷிப்ட் போடுகிறீர்கள்" என்று குரலை உயர்த்திக் கேட்கிறார் என்று வையுங்கள். அதற்கு மேனேஜர் 'ஓகே, யூ ஆர் ஜஸ்ட் லெட்டிங் ஆஃப் ஸ்டீம்' என்று பதில் சொன்னால், அவர் கேட்ட நியாயமான கேள்வி வெறும் ஆவியாகப் போய்விட்டது. 'ஜஸ்ட்' என்ற அந்தச் சின்னச் சொல் அவ்வளவு வேலை செய்யும். அப்படி யாரிடமும் சொல்லாதீர்கள், உங்களிடம் சொன்னால் "நோ, ஐ ஆம் ஆஸ்கிங் எ கொஸ்டின்" என்று நிதானமாகத் திருப்பிச் சொல்லுங்கள்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. மொழிபெயர்க்கும்போது 'நீராவியை வெளியேற்றினான்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. இடத்துக்கு ஏற்ற மாதிரி நம்மிடம் சொற்கள் இருக்கின்றன.

பேச்சால் தீர்த்தால் 'கொட்டித் தீர்த்தாள்', 'புலம்பித் தீர்த்தான்', 'மனசுவிட்டுப் பேசினான்'. அழுதால் 'அழுது தீர்த்தாள்'. பிள்ளைகள் மைதானத்தில் துள்ளினால் 'ஆட்டம் போட்டார்கள்'. ஒரு நண்பரிடம் சொல்லி லேசானால் 'மனப்பாரத்தை இறக்கி வைத்தார்'. இந்த 'இறக்கி வைப்பது' நம் ஊர் உவமை. தலைச்சுமையோடு நடந்து போகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாற, பழைய சாலையோரங்களில் ஆள் உயரத்துக்குச் சுமைதாங்கிக் கல் நட்டிருப்பார்கள். கர்ப்பமாக இருக்கும்போதே இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நட்டுவைக்கும் வழக்கம் உண்டு. ஆங்கிலத்தின் உவமை எந்திரத்தில் பிறந்தது. நம்முடையது நடந்துபோகிறவரின் கழுத்து வலியில் பிறந்தது.

'ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டான்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதில் யாரோ அடிபட்ட வாடை அடிக்கிறது.

அப்புறம், ஆவி என்ற உவமை நமக்கும் புதிதில்லை. மனசு புழுங்குகிறது, மனப்புழுக்கம் என்கிறோம். புழுக்குவது என்றால் அவிப்பது, நெல்லை ஊறவைத்து அவித்து எடுப்பதுதானே புழுங்கல் அரிசி. வெளியே சொல்ல முடியாமல் உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கிற மனசுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் இருக்கும் என்று தெரியவில்லை. கொதிப்பு, குமுறல், பொருமல் எல்லாமே அடுப்படிக்கும் எரிமலைக்கும் பக்கத்துச் சொற்கள்.

ஆனால் தீர்வுக்கு நாம் வைத்திருக்கும் சொல் ஆங்கிலத்திலிருந்து விலகிப் போகிறது. அது 'ஆறுதல்'. ஆறுவது என்றால் சூடு தணிவது. காபியை டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்கும் ஊற்றி ஊற்றி ஆற்றுகிறோமே, அதே சொல். துக்க வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்வது, மனசை ஆற்றிக்கொள்வது, புண் ஆறுவது எல்லாம் அதன் கிளைகள். ஔவையார் ஆத்திசூடியின் இரண்டாம் வரியிலேயே 'ஆறுவது சினம்' என்று வைத்துவிட்டார். கோபத்தை வெளியே விடு என்றோ உள்ளே அடக்கு என்றோ அவர் சொல்லவில்லை. அது ஆறவேண்டிய பொருள் என்கிறார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ராகம் போட்டுப் படித்துவிட்டுத் தாண்டிப்போகிற இரண்டே சொற்கள்.

கோபத்தை வெளியே விட்டால் உண்மையிலேயே குறையுமா?

இங்கேதான் இந்தத் தொடர் நம்மைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகக்கூடும். மனசும் பாய்லர் மாதிரிதான், திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் பாதிதான் உண்மை.

இந்த எண்ணத்துக்கு மருத்துவ உலகிலும் ஒரு பின்னணி இருக்கிறது. வியன்னாவில் யோசெஃப் பிராய்யரும் சிக்மண்ட் ஃபிராய்டும் 1895-இல் வெளியிட்ட நூலில், அடக்கிவைத்த உணர்ச்சியை வெளியே கொண்டுவந்தால் நோயின் குறிகள் தணியும் என்று வாதிட்டார்கள். 'அன்னா ஓ' என்று அவர்கள் குறிப்பிட்ட பெண் தன் சிகிச்சையைப் 'புகைபோக்கியைச் சுத்தம் செய்வது' என்று சொன்னாராம். அவர் வாழ்ந்தது நிலக்கரிக் காலம், அவருக்கும் உவமை அங்கிருந்தே கிடைத்திருக்கிறது. அதன்பிறகு தலையணையைக் குத்துவது, தனி அறையில் கத்துவது என்று இந்த நம்பிக்கை பரவிவிட்டது.

பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்து 2002-இல் முடிவை வெளியிட்டார். 600 கல்லூரி மாணவர்கள். ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொல்லி, 'நான் படித்ததிலேயே மோசமான கட்டுரைகளில் ஒன்று' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். கோபம் வராமல் இருக்குமா? பிறகு மூன்று குழு. ஒரு குழு தங்களைத் திட்டியவரை மனதில் நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தியது. இன்னொரு குழு உடம்பு கட்டுமஸ்தாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு குத்தியது. மூன்றாவது குழு ஒன்றும் செய்யாமல் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தது. எதிரியை நினைத்துக் குத்தியவர்களின் கோபம்தான் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம் ஆக்ரோஷம் மிகக் குறைவு.

2024-இல் புஷ்மனும் சோஃபி கியெர்விக்கும் 154 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். அவற்றில் கலந்துகொண்டவர்கள் 10,189 பேர். உடம்பின் படபடப்பைக் குறைக்கிற காரியங்கள், அதாவது மூச்சுப் பயிற்சி, தியானம், யோகா, தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது போன்றவை கோபத்தைக் குறைத்தன. படபடப்பை ஏற்றுகிற காரியங்கள் மொத்தத்தில் குறைக்கவில்லை. மெல்லோட்டம் கோபத்தைக் கூட்டுவதாகக்கூட இருந்தது. பந்து விளையாட்டுகள் குறைத்தன, விளையாட்டின் சந்தோஷம் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஓட்டம் இதயத்துக்கு நல்லதுதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கோபத்துக்கு அது மருந்து என்று நினைத்து ஓட வேண்டாம்.

இதை வகுப்பில் குக்கரை வைத்துத்தான் விளக்குவேன். பருப்பு வேகிறது. ஒரு விசில், இரண்டு விசில், மூன்று விசில். ஒவ்வொரு விசிலுக்கும் ஆவி வெளியேறத்தான் செய்கிறது. குக்கர் வெடிக்காமல் தப்பிக்கிறது, அது பெரிய விஷயம்தான். ஆனால் அடுப்பு எரிகிறவரை அடுத்த விசில் வந்துகொண்டேதான் இருக்கும். அடுப்பைச் சிம்மில் வைத்தால் விசிலுக்கு இடைவெளி விழும், அணைத்தால் கொஞ்ச நேரத்தில் வெயிட்டைத் தொட்டுப் பார்த்தால் சத்தமே இருக்காது. வால்வின் வேலை கலத்தைக் காப்பாற்றுவது. ஆற்றுவது அதன் வேலை இல்லை. ரயில்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வால்வு சீறிக்கொண்டே இருந்தால் நிலக்கரியும் தண்ணீரும் வீண், தீயைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அவர்களுக்குள் அர்த்தம்.

அப்படியானால் நண்பரிடம் புலம்பக்கூடாதா?

தாராளமாகப் புலம்பலாம். தனியாக வைத்துப் புழுங்குவதைவிட அது நூறு மடங்கு மேல். எப்படிப் புலம்புகிறோம் என்பதில்தான் வித்தியாசம் வருகிறது. நடந்ததைச் சொல்லி, ஏன் வலித்தது என்று யோசித்து, அடுத்து என்ன என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தால் மனசு ஆறும். ஒரே சம்பவத்தைப் பத்துப் பேரிடம் பத்துத் தடவை சொல்லி, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்தால் அடுப்பில் விறகு தள்ளுகிறோம். எழுதிப் பார்ப்பதும் நல்ல வழி. ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனதை உலுக்கிய அனுபவங்களை எழுதினார்கள். சம்பவத்தையும் அதையொட்டிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது.

என் மாணவர்களில் சிலர் ஆங்கிலத்திலேயே எழுதிப் பார்க்கிறார்கள். அன்னிய மொழியில் எழுதும்போது வார்த்தையைத் தேட நின்று நின்று போவதால் கோபம் நடுவழியிலேயே இளைத்துவிடுகிறது என்றார் ஒருவர். எனக்கு அது நம்பும்படியாக இருந்தது.

ஸ்ட்ரெஸ், டிப்ரெஷன் இரண்டுக்கும் மன அழுத்தம் என்றுதானே சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள், அதனால் குழப்பமும் வருகிறது. ஸ்ட்ரெஸ் என்பதை மன அழுத்தம் என்றும், டிப்ரெஷனை மனச்சோர்வு என்றும் பிரித்துச் சொல்வது நல்லது. லெட் ஆஃப் ஸ்டீம் என்ற தொடர் முதலாவதுக்குத்தான் பொருந்தும். மனச்சோர்வில் இருப்பவரிடம் வெளியே விட ஆவியே இருக்காது, அடுப்பே அணைந்துபோன மாதிரி இருப்பார். அவரிடம் போய் 'ஒரு ரவுண்டு கிரிக்கெட் ஆடிவிட்டு வா, சரியாகிவிடும்' என்று சொல்லாதீர்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் மனசு ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம்.

யாராவது என்னிடம் 'ஐ நீட் டு லெட் ஆஃப் ஸ்டீம்' என்று சொன்னால் என்ன பதில் சொல்வது?

'கோ அஹெட், ஐ ஆம் லிசனிங்' போதும். உடனே யோசனை சொல்ல ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு யோசனை வேண்டுமா, காது மட்டும் வேண்டுமா என்று தெரியாவிட்டால் 'டூ யூ வாண்ட் அட்வைஸ், ஆர் ஷுட் ஐ ஜஸ்ட் லிசன்?' என்று கேட்டுவிடலாம், அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். மன்னிப்பாக வந்தால், அந்தப் பனியன் கம்பெனி மெயில் மாதிரி, 'நோ வொரிஸ், வி ஆல் நீட் டு சம்டைம்ஸ்' என்று எழுதுங்கள். என் மாணவி கடைசியில் எழுதியது அதைத்தான். பத்தே நிமிடத்தில் நன்றி என்று பதில் வந்ததாம்.